மேடைக் கிட்டாருக்குத் தனி மின்சாரம்



நம்ம திருப்பூர்ப் பக்கம் மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டுப் பொங்கல் வந்துவிட்டால் இன்னிசைக் கச்சேரிக்குக் குறைவில்லை. பகலில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள், ஓவர்லாக் தையல் இயந்திரங்களில் உட்காரும் இளைஞர்கள் சிலர், இரவில் அந்த மேடைகளில் கிட்டார் வாசிக்கிறார்கள். அவர்கள் காலடியில் இருக்கும் சிறு பெட்டிகளுக்குப் பெயர் பெடல். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்குவது, எதிரொலி சேர்ப்பது எல்லாம் அதன் வேலை. இன்றைய பேச்சு, அந்தப் பெடல்களுக்கு மின்சாரம் கொடுப்பது பற்றி.

மேடைக்கு வரும் மின்சாரம் பெரும்பாலும் ஜெனரேட்டரிலிருந்து வரும். அதே லைனில்தான் சீரியல் பல்பு, டியூப் லைட், மின்விசிறி எல்லாம் ஓடும். பெடலுக்கு வேண்டியதோ பெரும்பாலும் வெறும் 9 வோல்ட் நேர்மின்சாரம். மலிவான அடாப்டர் லைனில் இருக்கும் இரைச்சலை முழுதாக வடிகட்டாது. நான்கைந்து பெடலை ஒரே ஒயரில் கோர்த்தால் ஒன்றின் இரைச்சல் அடுத்ததில் ஏறும். ஒலியைப் பெருக்கும் பெடல் அந்த இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். பாட்டு நின்ற இடைவெளியில் ‘ஊம்’ என்று கேட்பது பெரும்பாலும் இதனால்தான்.

  இந்த இரைச்சலைத் தவிர்க்க மேடைக் கலைஞருக்கு இன்று ஓர் எளிய வழி இருக்கிறது: திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் பேட்டரிப் பெட்டி. லித்தியம் அயான் பேட்டரியை 1991-ல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்ட பவர் பேங்க்கின் உள்ளே இருப்பது 3.7 வோல்ட் பேட்டரி. அதை 9 வோல்ட்டாக உயர்த்தி, இழப்பையும் கழித்தால், கைக்கு வருவது ஏறத்தாழ 3,400 மில்லி ஆம்பியர் மணி. எல்லாப் பெடலும் சேர்ந்து 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் பதினோரு மணி நேரம் தாங்கும். மூன்று மணி நேரக் கச்சேரிக்குத் தாராளம்.

ஆனால் வாங்கும்போது கவனம் வேண்டும். பெரும்பாலான பெடல்களுக்கு, செருகும் பிளக்கின் நடுமுனை நெகட்டிவ்; கடையில் கிடைக்கும் சாதா அடாப்டர் பலவற்றில் நடுமுனை பாசிட்டிவ். மாற்றிச் செருகினால் பெடல் பழுதாகலாம். டிஜிட்டல் பெடலும் பழைய அனலாக் பெடலும் சேர்ந்து இருந்தால், ஒவ்வொரு இணைப்பும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பெட்டியையே வாங்குங்கள். சாதாரண பவர் பேங்க் சில, மின்சாரம் குறைவாக இழுக்கப்பட்டால் தானே அணைந்துவிடும். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கும்போது சார்ஜில் போடாதீர்கள். போட்டால் லைன் இரைச்சல் திரும்ப உள்ளே வந்துவிடும். உப்பிய பேட்டரியைக் குப்பையில் எறியாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

முக்கியமான ஒன்று. பெடல் பேட்டரியில் ஓடுகிறது என்பதால் ஷாக் அடிக்காது என்று நினைத்துவிடக் கூடாது. கிட்டார் கம்பி, ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபையரின் உடலோடு சேர்ந்திருக்கிறது. மைக்கின் உலோகம் மிக்சரோடு சேர்ந்திருக்கிறது. எர்த் சரியில்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தம் நிற்கும். கை கம்பியிலும் உதடு மைக்கிலும் பட்டால் மின்சாரம் உடம்பு வழியாகப் பாயும். 1972-ல் பிரிட்டனில் ஸ்வான்சி நகர மேடையில், லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார்.

அதனால் கோயில் கமிட்டிப் பெரியவர்களே, மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே இரண்டு கேளுங்கள்: ‘எர்த் கம்பி போடுவீங்களா? கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் வைப்பீங்களா?’ இரைச்சலைக் குறைக்க கிட்டார்காரத் தம்பி தன் பேட்டரியைக் கொண்டுவரலாம். அவர் உயிரைக் காக்கும் ஏற்பாடு, மேடை போடுகிறவர்கள் பொறுப்பு.