ஆள் இருக்கும் கட்டடத்தைப் புதுப்பித்தல்

(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

ஜூபிலி ஆண்டு என்றவுடன் எந்தப் பங்கிலும் பழுதுபார்க்கும் பேச்சு எழுவது வழக்கம். கூரையை மாற்றலாமா, சுவரைக் கொத்திப் பூசலாமா என்று கேட்கிறோம். அதோடு இன்னொரு கேள்வியும் எழ வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் உள்ளே இருப்பவர்களின் கதி என்ன? பூட்டிக் கிடக்கும் வீட்டைப் புதுப்பிப்பது எளிது. ஆட்கள் உள்ளே உழைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டடத்தைப் புதுப்பிப்பது கடினமான காரியம். அதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிஸிலுள்ள ஜுஸ்யூ பல்கலைக்கழக வளாகமே அது.

அந்த நிலம் திருச்சபை வரலாற்றிலும் பேர்பெற்றது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே புனித விக்டர் மடம் எழுந்தது. ஹூகோ போன்ற பெரும் இறையியல் ஆசிரியர்கள் அங்கே கற்பித்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது மடம் மூடப்பட்டது. பின்னர் அவ்விடத்தில் திராட்சை இரசக் கிடங்குகள் வந்தன. 1960களில் அறிவியல் படிக்கும் மாணவர் தொகை பெருகவே, எதுவார் அல்பேர் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி அங்கே புதிய வளாகம் உருவாகத் தொடங்கியது. உருக்குச் சட்டங்களாலான நீண்ட கட்டடங்களும், நடுவே சுமார் 90 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரமும் எழுந்தன.

உருக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. தீப்பிடித்துச் சூடேறினால் அது வலுவிழந்து வளையும். ஆகையால் அக்கால வழக்கப்படி, அந்தச் சட்டங்களின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரைத் தெளித்துப் படியவைத்தார்கள். தீயிலிருந்து மக்களைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் தெளித்த கல்நார் பஞ்சைப் போல் மிருதுவானது. ஒருவர் கூரையில் துளையிட்டாலும், மின்கம்பி இழுத்தாலும் உதிரும். அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு நுரையீரலில் புகுந்தால் அங்கேயே தங்கிவிடும். இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். இன்று சுவாசிக்கிறவருக்கு இன்று ஒரு வலியும் தெரியாது. இதுவே இதிலுள்ள பெரிய ஆபத்து.

இந்த ஆபத்தை முதலில் எடுத்துச் சொன்னவர்கள் யார்? அந்தக் கட்டடத்திலேயே வேலை பார்த்தவர்கள்தாம். 1970களின் நடுவில், ஆன்றி பெஸெரா என்ற விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் தங்கள் தலைக்கு மேலிருந்து உதிர்வது என்ன என்று ஆராய்ந்து குரலெழுப்பினார்கள். 1978இல் பிரான்சில் கல்நார் தெளிக்கும் முறை தடை செய்யப்பட்டது. ஆயினும் ஏற்கெனவே தெளித்தது கூரையிலேயே இருந்தது. 1990களில் அங்கு பணிபுரிந்தவர்கள் மீண்டும் ஒன்றுகூடிப் போராடினார்கள். 1996 ஜூலை 14 அன்று, குடியரசுத் தலைவர் சிராக், அந்த ஆண்டு முடிவதற்குள் ஜுஸ்யூவில் மாணவர்கள் இருக்கமாட்டார்கள் என்று அறிவித்தார். 1997 ஜனவரி முதல் நாளிலிருந்து பிரான்சில் கல்நாருக்கே தடை வந்தது.

அறிவிப்பு ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. வேலை முடிந்ததோ 2016இல்! ஏன் இவ்வளவு காலம்? வகுப்பு மாணவர்களை வேறு மண்டபத்திற்கு அனுப்பலாம். ஆய்வுக்கூடத்தை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. வாயுக் குழாய்கள், நுட்பமான கருவிகள், பல மாதங்கள் நடக்கும் சோதனைகள், நூலகங்கள் இவற்றையெல்லாம் ஒரே நாளில் எங்கே கொண்டுபோய் வைப்பது? எனவே வளாகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பகுதியில் வேலை நடக்க, மற்றப் பகுதிகளில் ஆயிரக்கணக்கானோர் படித்தும் கற்பித்தும் வந்தார்கள்.

இத்தகைய வேலை எப்படி நடக்கிறது என்பதை மூன்று படிகளாகச் சொல்லலாம்.

முதலாவது, இடம் உண்டாக்குதல். தாற்காலிகக் கட்டடங்களையும் வேறிடங்களில் வாடகை அறைகளையும் ஏற்பாடு செய்து, ஒரு பகுதியினரை அங்கே மாற்றுகிறார்கள். அவர்கள் விட்ட இடம் சுத்தமான பிறகே அடுத்த பகுதியினர் நகர்கிறார்கள். காலி இடம் இல்லாமல் வேலையைத் தொடங்கினால் மனிதரும் தூசியும் ஒரே அறையில்தான் இருக்க நேரிடும்.

இரண்டாவது, பிரித்து மூடுதல். வேலை நடக்கும் இடத்தின் கதவு, சன்னல், காற்றுக் குழாய் அனைத்தையும் பிளாஸ்டிக் விரிப்பால் அடைக்கிறார்கள். உள்ளிருக்கும் காற்றை வடிகட்டி வழியாக உறிஞ்சி வெளியேற்றுவதால் உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. எங்கேனும் ஒரு சிறு பொத்தல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே வருமேயன்றி உள்தூசி வெளியே போகாது. கல்நாரை ஈரப்படுத்திச் சுரண்டுகிறார்கள். தொழிலாளர்கள் முகமூடியணிந்து வேலை செய்து, வெளிவரும்போது குளித்துவிட்டே வருகிறார்கள்.

மூன்றாவது, அளந்து பார்த்தல். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது போதாது. ஒரு லிட்டர் காற்றில் எத்தனை இழைகள் மிதக்கின்றன என்று எண்ணுகிறார்கள். பிரெஞ்சுச் சட்டப்படி 5 இழைகளுக்குக் குறைவாக இருந்தால்தான் அந்த அறையை மறுபடி மக்களுக்குத் திறந்துவிடலாம்.

இவ்வளவும் செய்ததற்கான விலை பெரியது. மொத்தச் செலவு 150 கோடி யூரோவுக்கும் மேல் போயிற்று. அரசின் தணிக்கை மன்றம் 2011இல் செலவையும் தாமதத்தையும் கடுமையாகக் குறைகூறியது. அங்கிருந்த இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்று பாரிஸின் வேறொரு பகுதிக்கே குடிபெயர்ந்தது. நடுக்கோபுரம் 2009இல் மீண்டும் திறக்கப்பட்டது. 1997இல் அங்கே காலெடுத்து வைத்த மாணவர் பலர், தடுப்புப் பலகைகளுக்கு நடுவிலேயே பட்டமும் பெற்று வெளியேறினார்கள். ஆயினும் நாம் கேட்பது இதுதான்: 1970களில் உள்ளிருந்தவர்கள் சொன்னபோதே செவிசாய்த்திருந்தால், எத்தனை ஆண்டுகளின் மூச்சு காப்பாற்றப்பட்டிருக்கும்? பணத்தை மறுபடி ஈட்டலாம். போன மூச்சை ஈட்ட முடியாது.

பாரிஸ் தொலைவில் இருக்கிறதென்று நாம் இருந்துவிட வேண்டாம். நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் கொட்டகைகளுக்கும் இன்றும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுதான் கூரை. அதில் கல்நார் சிமெண்டோடு இறுகியிருப்பதால், தொடாமல் இருக்கும்வரை எளிதில் உதிர்வதில்லை. அறுத்தாலோ, துளையிட்டாலோ, உடைத்தாலோ இழை பறக்கும். ஆகவே தாய்மார்களே, பழைய தகட்டைக் கழற்றும்போது பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்கச் சொல்லுங்கள். விழுந்த துகளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள்; ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். ஏறி வேலை செய்யும் கூலியாளை மறந்துவிடாதீர்கள். அவர் முகத்தில் கட்டியிருக்கும் துண்டு இந்த இழைகளைத் தடுக்காது. நல்ல முகமூடி வாங்கிக் கொடுப்பது வேலை கொடுக்கிறவரின் கடமை. நமக்குக் கூரை வேண்டும். அவருக்கு நுரையீரல் வேண்டும்.

பங்கு மக்களே, கட்டடக் குழு அமைக்கும்போது பொறியாளரும் பொருளாளரும் இருப்பது போல, அந்தக் கட்டடத்தில் நாள்தோறும் இருக்கும் ஒருவரும் இருக்கட்டும். பள்ளியானால் ஓர் ஆசிரியை, கோவிலானால் உபதேசியார், விடுதியானால் சமையற்காரம்மாள். எந்த மூலையில் எது உதிர்கிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்கள் சொல்வதை எழுதி வைப்போம். வேலை எந்த நாளில் எந்தப் பக்கம் நடக்கும் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே உண்மையாகச் சொல்வோம். முடியாத தேதியைக் கொடுத்து மகிழ்விப்பதைவிட, மெதுவான ஒழுங்கைக் கொடுத்துக் காப்பது மேல்.

கட்டடம் அழகாக முடிந்த அன்று, அதனுள் இருந்தவர்களும் நலமாக இருந்தால்தான் அது உண்மையான ஜூபிலி. அந்த நன்மையை ஆண்டவர் நம் அனைவருக்கும் அருள்வாராக!