பூங்கா எங்கே சார்?



ஸ்ரீரங்கத்தில் நான் மனை வாங்கியபோது லே-அவுட் வரைபடத்தில் பச்சையாய் ஒரு பூங்கா இருந்தது. இப்போது அங்கே முள்வேலி! வில்லங்கம் பார்த்தேன், வாஸ்துகூடப் பார்த்தேன். பூங்காவின் தானப் பத்திரம் பதிவானதா என்று பார்க்கவில்லை.

2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக 10 சதவீதம் திறந்தவெளி விடணும். 10,000 வரை பதிலுக்குப் பணம் கட்டலாம். அதற்கு மேலே நிலத்தையே உள்ளாட்சிக்கு தானமாக எழுதித் தரணும்.

1991-இல் பெங்களூர் வழக்கொன்றில், பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தெம்பில்தான் திருச்சி கோர்ட்டுக்கு அலைகிறோம். வக்கீலான பழைய மாணவர்கள் யாராவது பந்தியில் என் பக்கத்தில் உட்காருங்களேன்!