ஊர்மேடையும் நகைச்சுவையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழா நாளில் காப்பியச் சுவை பற்றியோ பக்தி இலக்கியத்தின் உருக்கம் பற்றியோ பேசுவது வழக்கம். நான் சிரிப்பைப் பற்றிப் பேச முன்வந்துள்ளேன். அதிலும் அச்சிட்ட நகைச்சுவையைப் பற்றி அன்று. நம் சேலம், நாமக்கல் சமவெளியின் சிற்றூர்களில், ஊரார் நடிக்க ஊரார் பார்க்கும் மேடையில் பிறக்கும் நகைச்சுவையைப் பற்றி. அது இலக்கியமாகுமா என்று சிலர் ஐயுறலாம். தொல்காப்பியரை முன்னிறுத்தியே அவ்வையத்துக்கு விடை காண முயல்வோம்.

மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணத் தொடங்கும் ஆசிரியர், அழுகைக்கும் பெருமிதத்துக்கும் முன்னதாக நகையையே வைக்கிறார். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் வழியே பிறக்கும் என்பது அவர் கருத்து. இங்கு எள்ளலுக்குப் பேராசிரியர் தரும் விளக்கம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளியபோது தானும் சேர்ந்து நகுவது மற்றொன்று என எள்ளலை அவர் இருவகைப்படுத்துகிறார். முதல்வகை எவர்க்கும் எளிது; அதற்குப் பயிற்சி வேண்டா. இரண்டாம் வகையோ பண்பட்ட உள்ளத்துக்கே கைகூடும். அப்பண்பை ஊருக்குக் கற்றுத் தருவது ஊர்மேடையே என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த செய்தி.

சிலப்பதிகார உரையில் கூத்து வகைகளை எடுத்துரைக்கும் அடியார்க்கு நல்லார், விதூடகக் கூத்துக்கும் இடம் தருகிறார். அவ்விதூடகனின் வழித்தோன்றலை நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. மாரியம்மன் பண்டிகைக்கு நம் பக்கத்து ஊர்களில் விடிய விடியக் கூத்து நடக்குமே, அதில் முதலில் களரிக்கு வருகிறவர் யார்? கட்டியக்காரர். நம் மக்கள் வழக்கில் கோமாளி. கட்டியம் என்பது அரசனின் புகழையோ இறைவனின் புகழையோ உரக்கக் கூறுதல். அப்படியாயின் புகழ்வதற்கென்றே நியமிக்கப்பட்டவர் கட்டியக்காரர். ஆனால் கூத்தில் அரசனைக் கேலி செய்பவரும் அவரே! மன்னன் திரைக்குப் பின்னின்று தன் பெருமையைப் பாடும்போது, ‘நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய்’ என்று மடக்குகிறார். புகழ்வோனுக்கே இகழும் உரிமையையும் சேர்த்து வழங்கிய நம் முன்னோரின் நுண்ணறிவு வியத்தற்குரியது.

இன்னொன்றும் காண்க. துரியோதனனும் இரணியனும் புராண காலத்தில் நிற்க, கோமாளி மட்டும் இன்றைய நாளில் நிற்கிறார். குடிநீர்க் குழாயும் நியாயவிலைக் கடையும் குண்டும் குழியுமான சாலையும் அவர் வாயில் வந்துவிடும். கூத்துக்கு அன்பளிப்புத் தந்த பெரிய மனிதரின் பெயரை அறிவிப்பவரும் அவரே; அறிவித்த கையோடு அவரைச் சற்றுக் கிள்ளிவிடுபவரும் அவரே. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அப்பெரிய மனிதர் என்ன செய்வார்? ஊரே சிரிக்கும்போது முகத்தைச் சுளிக்க இயலாது. தாமும் சிரித்தாக வேண்டும். பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை எள்ளலுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு உண்டோ?

இச்சிரிப்புக்கு அடிப்படை, நடிப்பவரும் பார்ப்பவரும் ஒருவரையொருவர் அறிந்திருத்தல். சேலம் குகைப் பகுதியில் மாரியம்மன், காளியம்மன் கோயில்களின் ஆடித் திருவிழாவில் நடைபெறும் வண்டி வேடிக்கையை நீங்கள் கண்டிருப்பீர்கள். அலங்கரித்த வண்டிகளின் மேல் சிவபெருமானாகவும் திருமாலாகவும் அமர்ந்து வருவோர் தொழில்முறை நடிகர் அல்லர், அக்கம்பக்கத்துத் தெருவினர். கைகூப்பும் கண்ணே, ‘இவர் நம் தெருக்காரர் அல்லவா’ என்றும் கண்டுகொள்கிறது. வேடமும் ஆளும் ஒருசேரத் தெரியும் இவ்விரட்டைப் பார்வையே ஊர்மேடையின் உயிர். தறிக்காரர் ஒருவர் மேடையில் லாரி முதலாளியாக வந்து அதட்டினால், நமக்கு முதலாளியும் தெரிகிறார், தறிக்காரரும் தெரிகிறார். இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் சிரிப்பு முளைக்கிறது.

தொழில்முறை சாராத பயில்முறை நாடகத்துக்குத் தமிழில் பெருவழி அமைத்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891இல் சென்னையில் நண்பர்களோடு சுகுண விலாச சபையை அவர் தொடங்கினார். வழக்கறிஞரும் அலுவலரும் மாலை நேரங்களில் கூடி நாடகம் பயின்றனர். படித்தவர் மேடையேறுதல் இழிவு என்றிருந்த எண்ணம் அதனால் மாறிற்று. அவர் எழுதிய தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களுள் நம் பொருளுக்கு நேரே உரியது ‘சபாபதி’. அதில் செல்வந்தர் சபாபதி முதலியார்; அவருடைய பணியாளின் பெயரும் சபாபதி. சொன்ன சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டு காரியத்தைக் கெடுக்கும் பணியாளின் பேதைமையை நோக்கி முதலில் சிரிக்கிறோம். சற்று நேரத்தில், தலைவர் மட்டும் அறிவில் உயர்ந்தவரோ என்னும் வினா எழுகிறது. ஒரே பெயரை இருவருக்கும் இட்டு, மேலோர் கீழோர் என்னும் கோட்டை ஆசிரியர் அழித்துவிடுகிறார். தாமும் ஒரு முதலியாராகிய அவர், முதலியார் ஒருவரையே நகைக்குப் பொருளாக்கினார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறரை எள்ளுமுன் தம் வீட்டிலிருந்து தொடங்கிய நேர்மை அது.

‘சபாபதி’ 1941இல் ஏவி. மெய்யப்பன் அவர்களின் முயற்சியால் திரைப்படமாயிற்று. டி. ஆர். இராமச்சந்திரன் தலைவராகவும் காளி என். ரத்தினம் பணியாளாகவும் நடித்தனர். அதில் கே. சாரங்கபாணி ஏற்றிருப்பது ஒரு தமிழாசிரியர் வேடம். மாணவர்களிடம் அவர் படும் பாட்டைக் கண்டு உலகமே சிரித்தது. என் போன்றோரும் சிரித்துத்தான் ஆக வேண்டும். எங்கள் மாணவியர் விழா மேடையில் என் நடையையும் ‘அதாவது’ என்று நான் அடிக்கொருதரம் இழுப்பதையும் நடித்துக் காட்டியபோது முன்வரிசையில் அமர்ந்திருந்தவள் நான். மறுநாள் வகுப்பில் ‘அதாவது’ குறைந்தது. மாணவியர் வினாக்கள் கூடின. எள்ளப்பட்டவர் சேர்ந்து நகைக்கும்போது உறவு அறுபடுவதில்லை, இறுகுகிறது.

திரைப்படம் என்றதும் சேலத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் நின்று நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கியது. 1956இல் வெளிவந்த அதன் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். நாடக மேடையில் வளர்ந்த நகைச்சுவைக் கலைஞர் பலருக்குத் திரை புகழும் பொருளும் தந்தது. அதை மகிழ்வோடு ஒப்புவோம். எனினும் திரையால் இயலாதது ஒன்று உண்டு. திரையில் தோன்றும் நகைச்சுவையாளர், முன்வரிசையில் இருப்பவர் யார் என்று அறியார்; அவரைக் கிள்ள அவரால் ஆகாது. இன்று கைபேசியில் காணும் சிறு நகைச்சுவைக் காட்சிகளும் அவ்வாறே. அங்கே நாம் தனித்துச் சிரிக்கிறோம். நம்மைப் பார்த்துச் சிரிக்க எவரும் அருகில் இல்லை. முதல்வகை எள்ளல் பெருக, இரண்டாம் வகை எள்ளல் தேய்கிறது.

இதனால் விளையும் கேடு யாது? நகைக்கு இலக்காவோர் மாறிவிடுகின்றனர். அதிகாரம் உடையவரை எள்ளுவதற்கு அஞ்சும் மேடை, திருப்பிக் கேட்க மாட்டாதவரைத் தேடுகிறது. திக்குவாயர், கருநிறத்தவர், உடல் பருத்தவர், ஏழை வேலையாள் ஆகியோர் கேலிப்பொருளாகின்றனர். பெண்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. ஆடவர் பெண்வேடம் பூண்டு, இடுப்பை ஒடித்து, வாயாடி மனைவியாகவோ மாமியாராகவோ வந்தால் போதும், சிரிப்பு உறுதி என்னும் நிலை பல மேடைகளில் இன்றும் உண்டு. அவையில் இருக்கும் பெண்கள் அதற்குச் சிரிப்பது இரண்டாம் வகை எள்ளல் ஆகாது. அவர்கள் மறுமொழி சொல்ல அம்மேடையில் இடமில்லாதபோது, அதற்குப் பெயர் பொறுத்துக்கொள்ளுதல். சி. டி. ராஜகாந்தமும் டி. ஏ. மதுரமும் வந்த பிறகே, கேலிக்கு உடனே மறுகேலி தரும் பெண்குரலைத் தமிழகம் பரவலாகக் கேட்டது.

நகைச்சுவையின் வலிமையை ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர். 1876இல் கல்கத்தாவுக்கு வருகை புரிந்த வேல்ஸ் இளவரசரைத் தம் இல்லத்துக்கு அழைத்து, வீட்டு மகளிரைக் கொண்டு வரவேற்ற வழக்கறிஞர் ஒருவரை எள்ளி அங்கே ஒரு நகைச்சுவை நாடகம் நடிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே நாடக நிகழ்த்துதல் சட்டம் பிறந்தது. ஒரு பேரரசு ஒரு கேலி நாடகத்துக்கு அஞ்சிச் சட்டம் இயற்றியது! விடுதலைக்குப் பின் 1954இல் சென்னை மாநிலமும் தனக்கென ஒரு நாடகச் சட்டத்தை இயற்றிக்கொண்டது. எழுத்தாளரும் நாடகக் கலைஞருமான ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முதன்மையான பிரிவுகள் செல்லா எனத் தீர்ப்பளித்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் நீக்கப்பட்டது. சட்டத்தின் அச்சம் தணிந்தது. ஆயின் ஊரின் அச்சம்? ‘அவர் மனம் புண்படுமே, இவர் நன்கொடை நின்றுபோகுமே’ என்று, எவரும் கேட்கும் முன்னரே தம் உரையாடலைத் தாமே வெட்டிக்கொள்ளும் குழுக்கள் எத்தனை! இத்தணிக்கையை நீக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. மேடையேறுவோரும் முன்வரிசையில் அமர்வோருமே நீக்க வேண்டும்.

ஆகவே, பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வரும் ஆண்டில் நாமே ஒரு நகைச்சுவை நாடகம் நடிப்போம். மண்டபத்துள் அன்று, தெருவில், பந்தலிட்டு நடிப்போம். முட்டைப் பண்ணையும் விசைத்தறியும் ரிக் வண்டியும் சவ்வரிசி ஆலையும் நிறைந்த நம் ஊர்களில் கதைக்குப் பஞ்சமில்லை. பெண் பாத்திரங்களைப் பெண்களே ஏற்கட்டும். உடற்குறையையும் சாதியையும் நகைக்குப் பொருளாக்காதிருப்போம். நம் கூத்துக் கலைஞர் ஒருவரைக் கோமாளியாக அழைத்து, அவருக்கு ஏற்ற மதிப்பூதியமும் அளிப்போம். அனைத்துக்கும் மேலாக, நாடகத்தின் முதற்கேலி நம்மைப் பற்றியதாகவே இருக்கட்டும். நேரம் கடந்து தொடங்கும் நம் கூட்டங்கள், முடிவேயில்லாத நம் தலைமையுரைகள், பொன்னாடைக்காகத் தோள் சாய்க்கும் நம் பழக்கம் இவையெல்லாம் கோமாளிக்கு நல்ல தீனி. அதைக் கேட்டு முன்வரிசையில் அமர்ந்து மனம்விட்டு நகைக்க நம்மால் இயலுமாயின், அதன்பின் ஊரில் எவரையும் எள்ளும் தகுதி நமக்கு வந்துவிடும்.

முடிவேயில்லாத உரை என்று சொல்லிவிட்டு நானே நீட்டுவது முறையன்று.