பரண் என்று எழுதிய மேல்தளம்



அருங்காட்சியகமாகிவிட்ட நவீன வீடுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பத்து வீடுகளைத் தொட்டுத் தொட்டுச் செல்வதைவிட ஒரே வீட்டுக்குள் நின்று பேசுவது எனக்கு எளிது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில், பிரின்ஸ் ஹெண்ட்ரிக்லான் தெருவின் கடைக்கோடியில், சாதாரணச் செங்கல் வீட்டு வரிசையை ஒட்டிக்கொண்டு நிற்கும் ரீட்வெல்ட் ஷ்ரோடர் வீடு அது. கட்டிய ஆண்டு 1924. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 2000இல்.

இந்த வீடு என்றதும் கெரிட் ரீட்வெல்ட் என்ற பெயரையும், டி ஸ்டைல் என்ற டச்சுக் கலை இயக்கத்தையும், சிவப்பு நீலம் மஞ்சள் பூசிய முகப்புப் படத்தையும் நீங்கள் நினைப்பீர்கள். ட்ரூஸ் ஷ்ரோடர் என்ற அம்மையாரின் பெயர் ‘வீட்டுக்காரர்’ என்ற அளவோடு நின்றுவிடும். அங்கே போய் உள்ளே நின்று பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வீட்டின் சுவரில்லாத மேல்தளம் அவருடைய பிடிவாதத்தில் பிறந்தது.

ட்ரூஸ் மருந்தாளுநர் படிப்புப் படித்தவர். வழக்கறிஞரான கணவர் 1923இல் இறந்தபோது கையில் மூன்று குழந்தைகள். கணவர் இருந்த காலத்திலேயே, பழைய வீட்டில் தனக்கென ஓர் அறையை ரீட்வெல்டைக் கொண்டு மாற்றியமைத்திருந்தார். ரீட்வெல்டோ அப்பாவின் பட்டறையில் சிறு வயதிலேயே தொழில் பழகிய தச்சர். நாற்காலி செய்து பெயர் வாங்கியவர். முழு வீடு ஒன்றைக் கட்டியது இதுவே முதல்முறை. தன் பிள்ளைகள் தன்னோடு ஒரே தளத்தில் வளர வேண்டும், பெரியவர்கள் பேசுவது அவர்கள் காதில் விழ வேண்டும் என்பது ட்ரூஸின் விருப்பம். அதோடு ஒவ்வோர் அறையிலும் கட்டில் போட இடம் வேண்டும், தண்ணீர் வர வேண்டும், வெளியே போக ஒரு கதவும் வேண்டும் என்றார். இவ்வளவு தெளிவாகத் தேவையைச் சொல்லத் தெரிந்தவரை வெறும் வாடிக்கையாளர் என்று எப்படி ஒதுக்குவது?

சுவரே இல்லாத மேல்தளத்துக்கு அன்றைய கட்டட விதிகள் இடம் கொடுக்கவில்லை. அதனால் கீழ்த்தளத்தில் சமையலறை, படிப்பறை என்று வழக்கமான அறைகளைப் பிரித்து, மேல்தளத்தை ‘பரண்’ என்று வரைபடத்தில் எழுதி அனுமதி வாங்கினார்கள். நம் ஊரில் இந்த வித்தையை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்ட அபூர்வமான இடம் இது.

மேலே ஏறினால் பகலில் முழுத் தளமும் ஒரே கூடம். இரவில் நகரும் தட்டிகளை இழுத்தால் மகனுக்கு ஓர் அறை, மகள்களுக்கு ஓர் அறை, அம்மாவுக்கு ஒரு சிற்றறை, நடுவில் கூடம். சாப்பாட்டு மேசை அருகே மூலையில் தூண் கிடையாது. கூரையைத் தாங்கும் எஃகு உத்தரத்தின் ஆதாரத்தை மூலையிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். செங்கோணத்தில் சேரும் இரண்டு சன்னல்களையும் திறந்துவிட்டால் அந்த இடத்தில் மூலை என்ற ஒன்றே இல்லை. கீழே சமைத்த உணவு சிறு தூக்கியில் மேலே வரும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் வீடு முழுவதும் கான்கிரீட் என்று நினைப்பார்கள். அதற்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. சுவர்கள் செங்கல், மேலே பூச்சு; அடித்தளமும் மாடி முகப்புப் பலகைகளும் மட்டுமே கான்கிரீட்.

ட்ரூஸ் இந்த வீட்டில் 60 ஆண்டுகள் வாழ்ந்தார். மனைவி இறந்த பிறகு ரீட்வெல்டும் இங்கேயே வந்து, 1964இல் இங்கேயே காலமானார். வீடு கட்டியபோது எதிரே நகரம் முடிந்து வயல்வெளி தொடங்கியது. பின்னாளில் அந்த வெளியை மறித்து உயரமான நெடுஞ்சாலை ஒன்று வந்தது. காட்சியே போன பிறகு வீடு எதற்கு, இடித்துவிடலாம் என்று ரீட்வெல்ட் கருதியதாகச் சொல்வார்கள். ட்ரூஸ் இடிக்கவில்லை. 1970இல் ஓர் அறக்கட்டளை அமைத்து வீட்டைக் காப்பாற்றினார். இப்படி ஓர் அறக்கட்டளை மேடையில் இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இனி என் மனக்குறை. ரீட்வெல்டோடு பணியாற்றிய பெர்டஸ் முல்டர் 1974இல் வெளிப்புறத்தைச் சீரமைத்தார். 1985இல் ட்ரூஸ் 95 வயதில் மறைந்த பின் உட்புறத்தையும் 1920களின் நிலைக்குக் கொண்டுவந்தார். வண்ண அடுக்குகளைச் சுரண்டிப் பார்த்துச் செய்த நேர்மையான வேலை. அவர் வேறு எந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் சண்டை வந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மையார் தேவைக்கேற்ப மாற்றி மாற்றி வாழ்ந்த ஆறு பதிற்றாண்டுகளின் தடம் அதில் பெரும்பாலும் அழிந்துபோனது. மாறுவதற்கென்றே கட்டிய வீடு ஒரு தேதியில் நின்றுவிட்டது. இப்போது சிறு குழுக்களாக, காலணிக்கு மேல் உறை மாட்டிக்கொண்டு நுழைகிறோம். தட்டியை இழுத்துக் காட்டுவது வழிகாட்டியின் வேலை. நாம் தொடக் கூடாது. ஆயிரக்கணக்கான கைகள் இழுத்தால் தட்டி தாங்காது, உண்மைதான். குறை அதனால் தீர்ந்துவிடவில்லை.

வீட்டின் கடைக்குட்டி ஹான், தட்டி இழுத்து வளர்ந்த பெண், பிறகு கட்டடக் கலைஞர் ஆனார். வாழ்ந்து பார்க்கும் வீடுதான் கற்றுத்தரும் என்று நினைக்கிறேன். ஆகவே உத்ரெக்ட் போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே எராஸ்மஸ்லான் தெருவில், 1931இல் ட்ரூஸும் ரீட்வெல்டும் சேர்ந்து வடிவமைத்த வீட்டு வரிசை இருக்கிறது. அங்கே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. குடியிருப்பவர்கள் எந்தச் சுவரை நகர்த்தியிருக்கிறார்கள், எதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வெளியில் நின்றாவது கவனியுங்கள். முடிந்தால் யாரிடமாவது பேசிப் பாருங்கள்.