உயிரின் அகராதி

பஞ்சாபில் முல்தான் நகரை அடுத்து ராய்ப்பூர் என்றொரு சிற்றூர் உண்டு. இன்று அது பாகிஸ்தானைச் சேர்ந்தது. ஏறத்தாழ நூறு பேர் வாழ்ந்த அவ்வூரில், எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமாக ஒன்றே ஒன்றுதான். அது ஊர்க் கணக்கரின் குடும்பம். மரத்தடியே அங்குப் பள்ளிக்கூடம். அந்த நிழலில் எழுத்தறிந்த கணக்கரின் கடைசி மகன், பின்னாளில் உயிரின் எழுத்தையே படித்துக் காட்டினார். 1922-ல் பிறந்த டாக்டர் ஹர் கோவிந்த் கொரானாவே அவர்.

நேயர்களே, நம் உடலின் புரதங்கள் யாவும் இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்து அமைந்தவை. எதற்குப்பின் எது என்னும் கட்டளையோ நான்கே எழுத்துக்களால் ஆனது. நான்கெழுத்து மொழியை இருபதெழுத்து மொழியில் பெயர்ப்பது எவ்வாறு? மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றோருக்கு இக்கேள்வி மிகவும் நெருக்கமானது. இரண்டெழுத்துச் சொற்கள் பதினாறுதான் அமையும், அவை போதா. மூன்றெழுத்துச் சொற்களோ அறுபத்து நான்கு. அவற்றுள் முதற்சொல்லின் பொருளை 1961-ல் நைரன்பர்க் கண்டார்.

கொரானா வேறொரு வழியை மேற்கொண்டார். படிக்க விரும்பிய வாசகத்தை அவர் தாமே எழுதினார். யூ, சி என்ற இரண்டு எழுத்துக்கள் மாறி மாறி வரும் நீண்ட சங்கிலியைத் தம் சோதனைச்சாலையில் உருவாக்கினார். இரண்டிரண்டாகப் படித்தால் அதில் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வரும். மும்மூன்றாகப் படித்தாலோ யூசியூ, சியூசி என இரு சொற்கள் மாறி மாறி வரும். விளைந்த புரதத்தில் ஸெரீன், லியூஸின் என்னும் இரு அமிலங்கள் மாறி மாறியே அமைந்திருந்தன! மூன்றெழுத்துச் சொல் என்னும் கொள்கை இதனால் உறுதி பெற்றது. அறுபத்து நான்கு சொற்களையும் அவரது குழுவினர் ஒவ்வொன்றாகச் செய்து முடித்தனர். அவற்றுள் மூன்று, வாக்கியம் முடிந்தது என்று உணர்த்தும் முற்றுப்புள்ளிகள் என்பதும் அக்காலத்தில் தெளிவாயிற்று. 1968-ல் நைரன்பர்க், ஹாலி ஆகியோருடன் கொரானாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1970-ல் ஒரு ஜீனையே முழுமையாகச் செய்துவிட்டதாக அவர் அறிவித்தார்.

இவ்வளவும் நடந்தது அமெரிக்காவில், விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில். இந்திய அரசின் உதவிச் சம்பளத்தில் லிவர்பூல் சென்று, 1948-ல் டாக்டர் பட்டம் பெற்று, சூரிச்சிலும் பயின்று, 1949-ல் அவர் தாயகம் திரும்பியதுண்டு. அதற்குள் நாடு பிரிந்திருந்தது. பிறந்த ஊர் எல்லைக்கு அப்பால் போயிருந்தது. இங்கே அவருக்கு வேலை கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜுக்கும், 1952-ல் கனடாவின் வான்கூவருக்கும், 1960-ல் விஸ்கான்ஸினுக்குமாக அவர் பயணம் நீண்டது. 1966-ல் அமெரிக்கக் குடிமகனானார். 2011-ல் அந்நாட்டிலேயே காலமானார்.

1969-ல் நம் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது. அது தகுந்த மரியாதையே. ஆயினும் விஞ்ஞானிக்கு விருது வேண்டியிருக்கும் காலம் ஒன்று. ஒரு மேசையும் சில கண்ணாடிக் குழாய்களும் வேண்டியிருக்கும் காலம் வேறு. பின்னதே முன்னால் வருகிறது. மரத்தடியில் பயின்று வரும் பிள்ளைகள் நம்மிடம் கேட்பதும் அதனைத்தான்.