உப்பங்கழிக் கரையும் குடியிருப்பும்

பிற மாநிலங்களில் வாழும் நம் மக்களுக்குத் தாராவி அறியாத பெயரன்று. மாகிம் உப்பங்கழியின் ஓரத்தில் கோலி மீனவர் வாழ்ந்த சிற்றூர் அது. பின்னர் சௌராஷ்டிரக் குயவர்களும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களும் சதுப்பைத் தூர்த்து அங்கே குடியேறினர். அந்நிலத்தின் பெரும்பகுதி மும்பை மாநகராட்சிக்கு உரியது. மேடாக்கியவர் ஒருவர், உரிமையாளர் வேறொருவர். அங்கு எவ்வகை வீடு அமைப்பது என்பதை ஆராயுமிடத்து, மூன்று வழிகள் தென்படுகின்றன.

முதலாவது, உள்ள வீடுகளை வைத்துக்கொண்டே வசதிகளைச் சீர்திருத்துவது. 1985-ஆம் ஆண்டில் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய் நகருக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கினார். அதில் ஒரு பகுதி தாராவிக்குச் செலவாயிற்று. இம்முறையில் எவருடைய பிழைப்பும் கெடுவதில்லை. ஆனால் வெயில் புகாத சந்து, சந்தாகவே நின்றுவிடுகிறது.

இரண்டாவது, யாவற்றையும் அகற்றி அடுக்குமாடிகள் எழுப்பி, ஒரு பகுதியை விற்றுச் செலவை ஈடுகட்டுவது. 2004-இல் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்திற்கு, 2022-இல் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு வென்றது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது விதி. அதன்பின் 2011 ஜனவரி முதல் தேதி வரை வந்தோருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்ச ரூபாய் விலையில் வீடு. மாடியில் குடியிருப்போருக்கும் வெளியேதான் இடம்.

அவ்வெளியிடம் எது? 2024-இல் முலுந்து, காஞ்சூர்மார்க் முதலிய இடங்களில் உப்பள நிலங்கள் இதற்கென ஒதுக்கப்பட்டன. உப்பளமோ மழைநீர் தங்கும் தாழ்நிலம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, மிட்டி ஆறு கரைபுரண்டதை மும்பை மறந்திருக்க இயலாது. ஒருவருக்கு வீடளிக்க நீரின் இடத்தைப் பறித்தால், அந்நீர் மற்றொருவர் வாசலுக்கே வந்து சேரும்.

மூன்றாவது, குடியிருப்போரே கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து, கீழே தொழிற்கூடமும் மேலே வீடுமாகத் தாழ்ந்த கட்டடங்களைப் படிப்படியாக எழுப்புவது. இதற்குக் காலம் மிகுதி. கடனுதவியும் ஒற்றுமையும் வேண்டும். எனினும் தொழிலையும் இல்லத்தையும் பிரிக்காத வழி இது ஒன்றே. ஆகவே நாம் இதனையே விரும்புகிறோம்.

எவ்வழி கொள்ளினும், மூன்றைக் கேட்டறிதல் நம் கடமை. குயவரின் சூளைக்கும் தோல் பட்டறைக்கும் தரையில் இடம் உண்டா? மாடியில் வாடகைக்கு இருப்பவர் பெயர் கணக்கில் ஏறியதா? கரையோரம் நீருக்கு வழி விடப்பட்டதா? இவற்றுள் கடைசியானது நடவாத காரியமன்று. தாராவியை அடுத்து, குப்பைமேடாய்க் கிடந்த கழிக்கரை நிலமே மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக மாறி, 1994-இல் திறக்கப்பட்டது.

கணக்கெடுப்போர் வரும்போது குடும்ப அட்டையும் பழைய மின்கட்டண ரசீதும் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் நலம். தேதி ஒன்றே வீட்டைத் தீர்மானிக்கும் இடத்தில், அந்தத் தாள்களே சாட்சி.