உயிர் காக்கும் ஒரு தாள்

(வெள்ளி விழாவையொட்டி மேல்பட்டாம்பாக்கத்தில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வி எதற்கு என்று கேட்டால், வேலைக்கு என்பர் சிலர். பட்டத்திற்கு என்பர் சிலர். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் தம் வீட்டாரின் உயிரைக் காக்கவும் அக்கல்வி பயன்படும் என்பதை எடுத்துரைக்கவே உங்கள் முன் நிற்கின்றேன்.

2023ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் காலை, இவ்வூர்ச் சாலையில் இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதியதை நாம் மறக்கவியலாது. உயிர்கள் பறிபோயின; எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். 2020ஆம் ஆண்டு மே 7, ஜூலை 1 ஆகிய இரு நாட்களிலும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்து, ஒப்பந்தத் தொழிலாளர்களும் மாண்டனர். இத்தகைய வேளையில் மருத்துவர் முன் கிடத்தப்படுபவர் பேச இயலாதவராக இருக்கலாம். மருத்துவர் கேட்கும் வினாக்கள் மூன்று: இவருக்கு ஏற்கெனவே என்ன நோய்? என்ன மருந்து உண்கிறார்? எந்த மருந்து இவருக்கு ஒவ்வாது? விடை சொல்ல யார் இருக்கிறார்கள்?

என் சிறிய தந்தையார் கரும்பு வெட்டும் தொழிலாளி, நீரிழிவு நோயாளி. ஒருநாள் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, உண்ணாமல் வயலுக்குச் சென்றார். நண்பகலில் சாலையோரம் நிலைகுலைந்து வீழ்ந்தார். கண்டோர், "காலனிக்காரன் குடித்துவிட்டுக் கிடக்கிறான்" என்று கடந்து போயினர். நெடுநேரம் கழித்து அறிந்தவர் ஒருவர் கண்டு மருத்துவமனையில் சேர்த்தார். "என்ன மாத்திரை?" என்று கேட்டபோது என் சிற்றன்னையாருக்குச் சொல்லத் தெரிந்தது, "சின்ன வெள்ளை மாத்திரை" என்பது மட்டுமே. குளுக்கோஸ் ஏற்றினர், கண் விழித்தார், மாலையில் வீட்டிற்கு அழைத்து வந்தோம். நள்ளிரவில் மீண்டும் நினைவிழந்தார். அம்மாத்திரை ஒரு நாள் முழுதும் சர்க்கரையைத் தாழ்த்தும் வகையைச் சார்ந்தது. அதன் பெயர் தெரிந்திருந்தால் மறுநாள் வரை கண்காணிப்பில் வைத்திருப்பர் என்று பின்னர் அறிந்தோம். உயிர் பிழைத்தார், ஆனால் பழைய நினைவாற்றல் திரும்பவில்லை. பத்தாம் வகுப்புப் படித்த நான் அவ்வீட்டிலேயே இருந்தேன். ஒரு வரி எழுதி அவர் சட்டைப் பையில் வைக்க எனக்குத் தோன்றவில்லை. அக்குறை என்னுடையது.

ஆதலின், ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதுங்கள். பெயர், வயது, உடனே அழைக்க வேண்டிய இருவரின் தொலைபேசி எண்கள் முதலில் இருக்கட்டும். அடுத்து, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, வலிப்பு, ஆஸ்துமா, இதய நோய் போன்றவை இருப்பின் எழுதுக. உண்ணும் மருந்துகளின் பெயரையும் அளவையும் அட்டையைப் பார்த்து எழுத்துப் பிழையின்றி எழுதுக. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் அதனைத் தனியே குறிப்பிட வேண்டும். தலையில் அடிபட்டால் மருத்துவர் முதலில் அறிய வேண்டியது அதுவே. பெனிசிலின், சல்பா போன்ற மருந்து எதுவும் ஒவ்வாது எனில் சிவப்பு மையால் எழுதுக. செய்துகொண்ட அறுவை சிகிச்சை, இதயத்தில் பொருத்திய பேஸ்மேக்கர், எலும்பில் வைத்த தகடு, பெண்களாயின் கருவுற்றிருத்தல், கடைசியாகப் போட்ட டெட்டனஸ் ஊசியின் நாள் ஆகியவையும் இடம்பெறட்டும்.

இரத்த வகையையும் எழுதலாம். ஆனால் தாளை நம்பி எந்த மருத்துவரும் இரத்தம் ஏற்றமாட்டார். மீண்டும் சோதித்தே ஏற்றுவார். எனவே இரத்த வகையை மட்டும் எழுதிவிட்டு மருந்துகளை விட்டுவிடாதீர்கள். மற்றொன்றும் சொல்வேன்: அத்தாளில் சாதிக்கு இடமில்லை. மருத்துவத்திற்கு அது வேண்டாத செய்தி.

தாளின் ஒரு படி சட்டைப் பையிலோ பணப்பையிலோ இருக்கட்டும். மற்றொன்று வீட்டில் குடும்ப அட்டையோடு இருக்கட்டும். செல்பேசியில், பூட்டைத் திறவாமலே பிறர் காணக்கூடிய அவசரத் தகவல் பகுதி உண்டு, அதிலும் பதியுங்கள். மருந்து மாறும்போதெல்லாம் தாளும் மாற வேண்டும். பழைய தாள் தவறான வழி காட்டும். பிறர் அறிய விரும்பாத நோயாயின், எழுதுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். மற்றவர் தாளைப் படித்து ஊரில் பேசுவது அறமன்று.

மருத்துவமனைச் சீட்டுகளை எறியாதீர்கள். உள்நோயாளியாக இருந்தவர் தம் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் ஒழுக்க விதிகள் கூறுகின்றன. கேட்பது சலுகையன்று, உரிமை. 2008 முதல் நம் மாநிலத்தில் 108 ஊர்தி உள்ளது. சாலை விபத்தில் சிக்கியோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஊர்தி வரும், மருத்துவர் வருவார். நம் உடலின் வரலாற்றை மட்டும் நாமே தர வேண்டும்.

இளைஞர்களே! எழுத்தறியாத முதியோர் நம் தெருக்களில் இன்றும் உளர். அவர்கள் உழைத்த கூலியில்தான் நாம் பள்ளி சென்றோம். வரும் ஞாயிறன்று ஆளுக்கு ஐந்து வீடுகளை ஏற்று, மாத்திரை அட்டைகளை வாங்கிப் பார்த்து எழுதிக் கொடுங்கள். எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நம் முன்னோரில் பலர் கைநாட்டு வைத்தே வாழ்ந்து மறைந்தனர். அவர்தம் பேரர்கள் எழுதும் இத்தாள் ஓர் உயிரைக் காக்குமாயின், இக்கழகத்தின் இருபத்தைந்து ஆண்டுத் தொண்டுக்கு அதனினும் பெரிய பயன் வேறில்லை.